காட்டனை நம்பி வின்னிபெக் போனேன்

நான் திருப்பூர்க்காரி. அப்பா இருபத்தாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். நானும் படிப்பு முடிந்து மூன்று வருடம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாலே 180 ஜி.எஸ்.எம்.மா (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு), 220-ஆ என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கனடாவில் வின்னிபெக் நகரக் கல்லூரி ஒன்றில் ஜனவரியில் சேர இடம் கிடைத்தபோது, என்ன உடுப்பு எடுத்துப் போவது என்று யாரிடமும் கேட்கவில்லை. துணியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அதே ஊருக்குக் கிளம்புகிறாள். அவளுக்கு ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எனக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால், குளிர் பட்டால் என் இடது காது இன்றைக்கும் இப்படி எரியாது.

கோயம்புத்தூரில் இரண்டு நாள் அலைந்து வாங்கினேன். தோல் மாதிரி இருக்கும் ஜெர்க்கின் 5,200 ரூபாய். கணுக்கால் வரை வரும் பூட்ஸ் 3,800. தெர்மல், அதாவது குளிருக்கு உள்ளே போடும் உடுப்பு, இரண்டு செட் 1,900. இரண்டு ஸ்வெட்டர் 2,600. கையுறை, தொப்பி, சால்வை எல்லாம் சேர்த்து 1,100. மொத்தம் 14,600 ரூபாய். இது போதாதென்று, அப்பா கம்பெனியில் சொல்லி ஆறு இன்டர்லாக் பனியனும், உள்பக்கம் பிரஷ் அடித்த கனமான ஹூடி இரண்டும் தைத்து வாங்கி வந்தார். “நூறு சதம் காட்டன் கண்ணு, உடம்புக்கு ஒன்னும் பண்ணாது” என்றார். அம்மா ஒரு மங்கி குல்லா வாங்கி வைத்தார். பெட்டி எடை கூடுகிறது என்று அதை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். காதை மூடக்கூடிய பொருள் என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

போய் இறங்கிய நான்காம் நாள் முதல் வகுப்பு. ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க எட்டேகால் எட்டரை ஆகிவிடும். ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கும்போது நல்ல இருட்டு. ஃபோனில் மைனஸ் 27 என்று காட்டியது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் காற்றோடு சேர்த்து மைனஸ் 39 என்று இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. உள்ளே பனியன், மேலே தெர்மல், அதன்மேல் ஹூடி, அதன்மேல் ஜெர்க்கின். காலுக்குக் காட்டன் லெக்கிங்ஸும் ஜீன்ஸும். சாக்ஸ் இரண்டு ஜோடி மாட்டி, பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டேன். நாலு அடுக்கு போட்டாயிற்று, இனி என்ன என்றிருந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் 21 டிகிரியில் ஓடுகிறது. இத்தனையையும் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் சாவியைத் தேடினேன். அப்போதே முதுகில் வியர்வை கசிந்துவிட்டது. அன்றைக்குத் தலைக்கு வேறு குளித்திருந்தேன். முடி பாதிதான் காய்ந்திருந்தது.

பஸ் ஸ்டாப்புக்குப் பன்னிரண்டு நிமிட நடை. தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். கிடைக்கவில்லை. அடுத்த பஸ் இருபத்தைந்து நிமிடம் கழித்து. நான் நின்ற இடத்தில் ஒரு கம்பம் மட்டும்தான், மறைவு எதுவும் இல்லை. நின்ற மூன்றாவது நிமிடம் முதுகில் யாரோ ஈரத் துண்டைப் போர்த்தியது போல இருந்தது. வியர்வையை உறிஞ்சிக்கொண்ட என் பனியன்தான் அது. மூச்சு இழுக்கும்போது மூக்குக்குள் முடி ஒன்றோடொன்று ஒட்டியது. கண்ணைச் சிமிட்டினால் இமைகள் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டன. ஜடை கயிறு முறுக்கியது போல விறைத்துவிட்டது. ஜீன்ஸ் முழங்காலில் அட்டை மாதிரி நின்றது. டாக்சியாவது கூப்பிடலாம் என்று ஃபோனை எடுத்தால், நாற்பது சதம் சார்ஜ் இருந்த ஃபோன் அப்படியே அணைந்துபோனது. காது முதலில் பயங்கரமாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் நின்றுவிட்டது. சரி, பழகிவிட்டது என்று நினைத்தேன். இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். குளிரில் வலி நிற்பது பழகிப்போனதால் இல்லை, அந்த இடத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். அந்த நிமிடமே ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

எனக்கு அது தெரியாது. ஸ்டாப்புக்கு வந்த ஒரு வயதான அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து எதிரில் இருந்த காபிக் கடைக்கு இழுத்துப் போனார். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் நான்கு விரல் நுனியும் மெழுகு போல வெளுத்திருந்தன. நான் பதற்றத்தில் பரபரவென்று தேய்க்கப் போனேன். அவர் தடுத்து, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். பத்து நிமிடத்தில் உணர்ச்சி திரும்பியது. அந்த வலியை எப்படிச் சொல்வது? நகக்கண்ணில் ஊசி ஏற்றுவது போல. கடையில் எல்லோரும் பார்க்கப் பார்க்க அழுதேன். வலி ஒரு பக்கம். அப்பா அம்மாவிடம் என்ன சொல்வது, எதற்காக இங்கே வந்தேன் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். அங்கிருந்து டாக்சியில் வீடு திரும்ப 24 டாலர் ஆனது. ஒரு டாலர் அப்போது 61 ரூபாய் சுற்றி இருந்தது.

விரல் தப்பித்தது. இடது காதில் தோடு போட்டிருந்த இடத்தைச் சுற்றி மறுநாள் கொப்புளம் வந்தது. மேலோட்டமான பனிக்கடி (குளிரில் தோல் உறைந்து புண்ணாவது) என்றார் டாக்டர். தோலுரிந்து ஆறப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. உலோகம் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சி வெளியே விட்டுவிடும் என்பதால், தோடு, மூக்குத்தி, வளையம் எதுவானாலும் அந்த மாதிரி நாளில் கழற்றிவிடச் சொன்னார். பனி பிடித்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஹீட்டர் அருகிலும் காட்டக் கூடாது, மரத்துப்போன தோல் வெந்தாலும் நமக்குத் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருக்கலாம். வெளுப்பு மாறவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும். நான் அலட்சியம் செய்த அந்தச் சின்ன எழுத்து எண் எதற்கென்றும் அன்றுதான் தெரிந்தது. மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 40-ஐத் தாண்டினால் ஐந்து முதல் பத்து நிமிடமே போதும் என்று கனடா வானிலைத் துறை சொல்கிறது. வெளியே கிளம்பும்போது நான் இப்போது பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அடுத்து செய்த தப்பு பயத்தில் செய்தது. அன்று சாயங்காலமே மாலுக்குப் போய், கண்ணில் பட்ட முதல் நீளக் கோட்டை வாங்கினேன். கம்பளி கலந்தது, முழங்கால் வரை வரும், பார்க்க அவ்வளவு அழகு. விலை 180 டாலர். வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது, பில்லில் 12 சதம் ஏறும். ஆக 201 டாலர் 60 சென்ட், நம் பணத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்தில் சீட்டைக் கத்தரித்துவிட்டேன். மறுநாள் போட்டுப் பார்த்தால் தலைமூடி கிடையாது, கழுத்து திறந்திருக்கிறது, ஒரு பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் இடையில் காற்று நேராக உள்ளே வருகிறது. சீட்டு இல்லாததால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்றார்கள். எதை வாங்கினாலும் ஒரு நாள் வெளியே நின்று பார்க்கும் வரை சீட்டை வெட்டாதீர்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

நான் குடியிருந்தது ஒரு வீட்டின் அடித்தளத்தில். மேலே இருந்த வீட்டுக்கார ஆன்ட்டி பிலிப்பைன்ஸ்காரர், நர்ஸ் வேலை பார்க்கிறவர். வின்னிபெக்கில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறையப் பேர். அவரும் நம்மைப் போல வெயில் நாட்டிலிருந்து வந்தவர்தான். காதில் அடிபட்ட அன்று கீழே வந்து என் துணிகளையெல்லாம் கட்டிலில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கச் சீட்டைப் படித்து ஓரமாக வைத்தார். காலையில் போட்டிருந்த பனியன் நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். கழற்றி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முதுகுப் பக்கம் இன்னும் சில்லென்று இருந்தது. காய்ந்த பனியனின் எடை என் கைக்குத் தெரியும். இது கனத்தது. “இதை வியர்வையோடு சுமந்துகொண்டுதான் காற்றில் நின்றிருக்கிறாய்” என்றார்.

அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. வியர்வையைக் குடிக்கும், மெதுவாகக் காயும், காயும்போது உடம்பைக் குளிர வைக்கும். சித்திரை வெயிலில் காட்டன் சுகமாக இருப்பதே அதனால்தான். நாங்கள் அதைச் சொல்லித்தானே விற்கிறோம்! அதே குணம் மைனஸ் முப்பதில் ஆளை வீழ்த்தும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. உடுப்பு தானாகச் சூடு தராது, இழைகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டைக் காக்கிறது. அந்தக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் என் வியர்வை நிறைந்திருந்தது. அன்று ராத்திரி ஆன்ட்டி கொடுத்த ஒரு பாலியஸ்டர் டீ-ஷர்ட்டையும் என் ஹூடியையும் நனைத்துப் பிழிந்து அறையில் காயப் போட்டேன். டீ-ஷர்ட் தூங்கப் போகும் முன் காய்ந்துவிட்டது. ஹூடியின் பாக்கெட்டும் கீழ் ரிப்பும் (இழுத்தால் நீளும் ஓரப் பட்டை) காலையிலும் ஈரமாகவே இருந்தன.

தோலை ஒட்டிய அடுக்கில் காட்டன் வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்வேன். உள்ளாடையும் சாக்ஸும் இதில் அடக்கம். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி கிடைத்தால் அருமை. ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்குச் சில்லென்று தெரியாது, நாற்றமும் சீக்கிரம் வராது. விலைதான் அதிகம், மேல் சட்டை மட்டும் எண்பது நூறு டாலர் வரும். பணம் இல்லையென்றால் சாதாரண பாலியஸ்டர் செட் தாராளமாகப் போதும். நான் 50 டாலருக்கு இரண்டு செட் வாங்கினேன். ‘தெர்மல்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாஃபிள் மாதிரி கட்டம் கட்டமாகப் பின்னிய துணிக்கே தெர்மல் என்று பெயர் உண்டு, அது முழுக் காட்டனாகவும் இருக்கலாம். நான் வாங்கிய தெர்மல் அறுபது சதம் காட்டன். துணித் தொழிலில் இருந்துகொண்டு உள்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. உள்சீட்டில் எந்த இழை எத்தனை சதம் என்று இருக்கும். அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதை மட்டும் நம்புங்கள். அளவு உடம்போடு ஒட்டி இருக்கலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

அதற்கு மேல் காற்றைப் பிடித்து வைக்கும் அடுக்கு. மொசுமொசுவென்று இருக்கும் பாலியஸ்டர் ஃப்ளீஸ் துணி இதற்குப் போதும், 200 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது. தலை வழியாக மாட்டுவதைவிட முன்னால் முழு ஜிப் இருப்பதை எடுங்கள். பஸ்ஸிலும் வகுப்பிலும் நல்ல சூடு இருக்கும். உள்ளே போனதும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து, இறங்கும்போது பழைய கதைதான். இதனால்தான் கனமான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு வசதி. வீட்டுக்குள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. சாவி, ஃபோன், பஸ் கார்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் கதவருகே நின்று மேலங்கி போட வேண்டும். வெளியே இறங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். நடக்க நடக்கச் சரியாகிவிடும். இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் வழியில் வியர்க்கும் என்று அர்த்தம்.

மேலங்கியைப் பழைய துணிக் கடையில் 45 டாலருக்கு வாங்கினேன். அந்த ஊரில் பழைய துணி வாங்குவதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, நல்ல நல்ல பார்க்காக்கள் (தலைமூடி வைத்த கனமான குளிர் கோட்டுகள்) அங்கே தொங்கும். எப்படிப் பார்ப்பது என்று ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தார். துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் வேண்டாம். ஜிப்பைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். ஜிப்புக்கு மேல் காற்றை மறைக்க ஒரு பட்டை இருக்கிறதா, மணிக்கட்டில் ரிப் இருக்கிறதா, தலைமூடி முகத்துக்கு முன்னால் நீண்டு வருகிறதா பாருங்கள். உள்ளே வாத்து இறகு அடைத்திருந்தால் ஒரு பிடி அமுக்கிவிட்டு விடுங்கள், மெல்ல உப்பி எழ வேண்டும். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் துவைத்துக் கெடுத்தது. இறகு நனைந்தால் படுத்துவிடும். ஆனால் மைனஸ் இருபதில் பனி பொடியாகத்தான் இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால் வின்னிபெக்குக்கு இறகு நன்றாகவே தாங்குகிறது. மழையும் பனியும் மாறி மாறி வரும் ஊருக்குப் போகிறவர்கள் செயற்கைப் பஞ்சு அடைத்ததை எடுப்பது நல்லது. ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். இடுப்புக்குக் கீழே தொடை வரை வருவது அவசியம்.

கால்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். மேலே நாலு அடுக்கு போட்ட நான், தொடைக்கு ஜீன்ஸ் போதும் என்று விட்டேன். காற்றுள்ள நாளில் ஜீன்ஸுக்கு மேலே ஒரு பனிப் பேண்ட் மாட்டிக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும். பழைய துணிக் கடையில் 12 டாலர். பூட்ஸ் மட்டும் புதிதாக 110 டாலர் கொடுத்து வாங்கினேன், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) உறை இருக்க வேண்டும். ராத்திரி அதை எடுத்துக் காய வைத்தால்தான் காலையில் உலர்ந்த காலோடு கிளம்பலாம். கம்பளி சாக்ஸ் ஒன்றுதான், ஆனால் கனமாக. இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். எனக்கு நடந்தது அதுதான். விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிகிறதா என்று பார்த்து அரை சைஸ் பெரிதாக எடுங்கள்.

கைக்கு ஐந்து விரல் கையுறை சரிப்படாது. நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் வேண்டும், விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு மெல்லிய கையுறை போட்டால், ஃபோன் எடுக்கும்போது வெறுங்கை வெளியே வராது. ஃபோனை ஃப்ளீஸின் உள் பாக்கெட்டில் உடம்போடு வையுங்கள், சார்ஜ் நிற்கும். கழுத்துக்கு மூக்கு வரை இழுக்கக்கூடிய குழாய்த் துணி பத்து டாலர். சால்வையைவிட இது மேல், அவிழாது. அப்புறம் அந்த மங்கி குல்லா. மைனஸ் முப்பதில் அந்த ஊரில் பிறந்தவர்களே தலை, காது, கழுத்து மூடிய அதே மாதிரி குல்லாவைத்தான் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்தபோது அம்மா நினைப்பு வந்து தொண்டை அடைத்தது. கூரியரில் அனுப்பச் சொல்லி, இரண்டு குளிர்காலமாக அதைத்தான் போடுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சரியான உடுப்பு எல்லாம் சேர்த்து வரியோடு 320 டாலருக்குள் முடிந்தது, ஏறக்குறைய 19,500 ரூபாய். வீணானது கோயம்புத்தூரில் 14,600, மாலில் 12,300. முதல் வாரத்தில் மூன்று வகுப்பும், கல்லூரி நூலகத்தில் பகுதி நேர வேலைக்கான ஒரு நேர்காணலும் போனது தனி. அந்த வேலை கிடைத்திருந்தால் அந்தப் பருவத்து வாடகைக்கு அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டாம். அதனால் ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் ஜெர்க்கினும் பூட்ஸும் நம் ஊரில் வாங்காதீர்கள். பாலியஸ்டர் உள் அடுக்கும் ஃப்ளீஸும் மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கும் நாளுக்கு, அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு பழைய மேலங்கியை இரவல் கேட்டு விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எல்லோருமே முதல் வருடம் யாரிடமாவது வாங்கிப் போட்டவர்கள்தான்.

காது விஷயத்தை வீட்டில் இரண்டு மாதம் சொல்லவில்லை. வீடியோவில் தோடு இல்லாமல் பார்த்த அம்மாதான் பிடித்துவிட்டார். பனியன் ஈரமானதைச் சொன்னதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. தான் தைத்துக் கொடுத்தது என்று அவருக்கு மனசுக்குள் உறுத்தல். உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்கப்பா என்று எத்தனையோ தடவை சொன்னேன். போன வருடம் ஊருக்கு வந்தபோது, முழங்கையில் கிழிந்துபோன என் மெரினோ சட்டையிலிருந்து ஒரு கையை வெட்டி எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நூலை உருவி நாக்கில் வைத்து முறுக்கினார். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “இது ஒரு நூத்தம்பது ஜி.எஸ்.எம். வருமா கண்ணு?”